டிஜே கன்ட்ரோலருக்குப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம்ம பக்கத்தில் டிஜேவுக்கு வேலை இல்லாத மாதம் குறைவு. வைகாசி பிறந்த அன்றே குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் விழா, நடுவில் ரிசப்ஷன், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, காலேஜ் விழா. சேர்த்து வைத்த காசில் முதல் கன்ட்ரோலரை (லேப்டாப்பில் உள்ள பாட்டுகளைக் கலந்து வாசிக்கும் பலகை) வாங்கும் பையன் அதை ஒரு துண்டில் சுற்றிக் காலேஜ் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறான். நாலு நிகழ்ச்சி தாண்டியதும் ஒரு ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் குமிழ்) நடுவில் சிக்குகிறது, ஜாக் வீல் (பாட்டை முன்னும் பின்னும் நகர்த்தச் சுழற்றும் வட்டத் தட்டு) ஒரு பக்கம் தேய்கிறது. அப்புறம்தான் பெட்டி தேடுகிறான்.

தேடினால் ஆயிரத்துச் சொச்சத்தில் துணிப்பையும் வரும், கன்ட்ரோலர் விலைக்கே பக்கத்தில் போகும் பெட்டியும் வரும். எது வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், கன்ட்ரோலர் எதனால் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி கை தவறிக் கீழே விழுவது அபூர்வம். தினமும் நடப்பது இரண்டு விஷயம். ஒன்று, மேலே ஏதோ அழுத்தி நாப்களும் (திருகும் குமிழ்கள்) ஃபேடர்களும் வளைவது. இன்னொன்று, பெட்டிக்குள்ளேயே கன்ட்ரோலர் ஆடிக்கொண்டு போவது. இந்த இரண்டையும் தடுப்பது உள்ளே இருக்கும் ஃபோம். அதனால் குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியில் சிக்கனம் பாருங்கள், உள்ளே இருக்கும் பொருத்தத்தில் பார்க்காதீர்கள்.

எதில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போகிறவருக்குப் பிளைவுட் பெட்டி ஒரு தண்டனை. அவருக்குக் கெட்டியான இவிஏ (ரப்பர் மாதிரியான ஃபோம்) ஓடு உள்ள பேக் போதும். ஜிப் வைத்து, கையால் அழுத்தினால் உள்ளே குழியாத மாதிரி வரும். பைக் பயணத்தில் கன்ட்ரோலர் உங்கள் முதுகிலேயே இருக்கிறது, அதன் மேல் யாரும் ஸ்பீக்கர் அடுக்கப் போவதில்லை.

குட்டி யானையில் ஸ்பீக்கர் பாக்ஸ், ஆம்பிளிஃபயர், ஜெனரேட்டர் ஒயரோடு சேர்த்து ஏற்றினால் கதை வேறு. வண்டி பிரேக் போட்டதும் எல்லாம் முன்னால் நகரும். மேடையில் இறக்குகிற பையன்கள் எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், பெட்டி மேலேயே ஏறி நின்று லைட் கட்டுவார்கள். இங்கே பிளைவுட், அலுமினிய விளிம்பு, மூலைக்கு உருண்டை இரும்பு வைத்த சரியான பிளைட் கேஸ் வேண்டும்.

கார் பின்சீட்டில் மட்டும் போகிறவர் நடுவில் இருக்கிறார். அவருக்கு நல்ல பேக்கும், கன்ட்ரோலர் மேல் கவிழ்க்கும் பாலிகார்பனேட் மூடியும் சேர்ந்தாலே போதும். அந்த மூடி உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். பொதுவான அளவில் வருவதை வாங்கினால் அது நாப் மேலேயே உட்காரும்.

அளவெடுப்பது

பெட்டி விளம்பரத்தில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறது என்பதை நம்பி வாங்க வேண்டாம். நீங்களே டேப் வைத்து அகலம், ஆழம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் எடுங்கள். உயரத்தைப் பலகை மட்டத்தோடு நிறுத்திவிடாமல், அடியில் உள்ள ரப்பர் கால் தொடங்கி மிக உயரமான நாபின் தலை வரை அளக்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் வாங்கும் பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 ஏறக்குறைய 48 செ.மீ. அகலம், 27 செ.மீ. ஆழம், 6 செ.மீ. உயரம், 2.1 கிலோ எடை. அதற்கு முந்தைய டிடிஜே-400 கிட்டத்தட்ட இதே அளவு. ஆகவே 400-க்குச் செய்த பழைய பெட்டி பாதி விலையில் கிடைத்தால் எஃப்எல்எக்ஸ்4 வைத்திருப்பவர் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். ஆனால் கேபிள் வரும் துளைகளைக் கவனியுங்கள். 400-இல் யுஎஸ்பி-பி, எஃப்எல்எக்ஸ்4-இல் யுஎஸ்பி-சி. பெரிய எஃப்எல்எக்ஸ்10 சுமார் 72 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 6.7 கிலோ. அந்த அளவுக்குப் போய்விட்டால் துணிப்பை யோசனையை விட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் வைத்தபடியே வாசிப்பீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். வாசிப்பதாக இருந்தால் பின்பக்கம் கேபிள் செருகி வளைய இடம் வேண்டும். ஆர்சிஏ ஒயருக்கு (சிவப்பு, வெள்ளை முனை உள்ளது) 2 அங்குலமாவது, எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயரில் வரும் மூன்று பின் முனை) செருகும் கன்ட்ரோலருக்கு 3 அங்குலத்துக்குக் குறையாமலும் விடச் சொல்லுங்கள். இடம் இல்லாமல் மடங்கி நிற்கும் ஒயர் ஒவ்வொரு முறையும் அது செருகியிருக்கும் சாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக்கொண்டே இருக்கும்.

லேப்டாப் வைக்கும் நகரும் தட்டோடு வரும் பெட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக் மேசையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், அங்கே இது உதவும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கிலோ கன்ட்ரோலருக்கு அது வெறும் சுமை. மடக்கு ஸ்டாண்ட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கருப்புத் தகடும் வெள்ளி விளிம்பும் இருந்தாலே பிளைட் கேஸ் என்று விற்கிறார்கள். மலிவில் வரும் பல பெட்டிகள் உள்ளே எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் ஊதும், திருகு பிடிப்பை விட்டுவிடும். கண்டுபிடிப்பது சுலபம். பூட்டுக்காகவோ கைப்பிடிக்காகவோ வெட்டிய இடத்தில் விரலை விட்டு ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், வழுவழுப்பாக மாவு உதிர்ந்தால் எம்டிஎஃப்.

தடிமன் விஷயத்தில் கடைக்காரர் 12 மி.மீ. என்று பெருமையாகச் சொல்வார். சின்னக் கன்ட்ரோலருக்கு அது தேவையில்லை, 6 மி.மீ. போதும். பெரியதற்கு 9. எடையை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு சதுர மீட்டர் 9 மி.மீ. பிளைவுட் சுமார் ஐந்தரை, ஆறு கிலோ இருக்கும். எஃப்எல்எக்ஸ்4 பெட்டிக்குச் சுற்றிலும் 0.6 சதுர மீட்டர் பலகை என்று வைத்தால் பலகை மட்டும் மூன்றரை கிலோ. விளிம்பு, பூட்டு, கைப்பிடி எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோ கன்ட்ரோலருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் பெட்டி சுமக்கிறீர்கள். 6 மி.மீ. என்றால் பலகை எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பூட்டு பட்டர்ஃபிளை வகையாக (வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரிப் பிடியைத் திருகி மூடுவது), பலகைக்குள் பதிந்ததாக இருக்கட்டும். வெளியே துருத்தி நிற்கும் சூட்கேஸ் பூட்டு வண்டியில் பக்கத்துப் பெட்டியில் மாட்டிப் பிய்ந்துவிடும். மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் பள்ளமுமாக அலுமினியம் பொருந்த வேண்டும். தூசியையும் தூறலையும் தடுப்பது அதுதான். உள்ளே கையை விட்டு ரிவெட் முனைகளைத் தடவிப் பாருங்கள். கூராக நீட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் ஃபோமைக் கிழித்துக்கொண்டு கன்ட்ரோலரில் கோடு போடும். பத்து கிலோவைத் தாண்டும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தால் இரண்டு பேர் தூக்கலாம்.

'ஏடிஏ 300' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளும் வரும். அது அமெரிக்க விமானப் போக்குவரத்து சங்கம் பொதி கட்டுவதற்கு வகுத்த தரம். அதன் முதல் வகைப் பெட்டி குறைந்தது 100 முறை போய்வரத் தாங்க வேண்டும். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், அதைப் பார்க்கும் நேரத்தில் பூட்டை நாலு தடவை திறந்து மூடிப் பார்ப்பது மேல்.

ஃபோம்: நம்ம ஊருக்கே உள்ள வசதி

இனி வரும் பகுதிதான் காசை மிச்சப்படுத்தும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றி ஷூ தொழில். ஷூவின் அடிப்பாகத்துக்கும் இன்சோலுக்கும் பயன்படும் இவிஏ ஷீட்டும், நல்ல பிளைட் கேஸுக்குள் ஒட்டும் இவிஏவும் ஒரே ஜாதிப் பொருள். ஷூ மெட்டீரியல் விற்கும் கடையில் தடிமன் வாரியாக ஷீட் கிடைக்கும். வெட்டிக் கழித்த துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டிக்குள் ஒட்ட நமக்குத் துண்டுகளே போதும்.

எதை எடுப்பது? கட்டை விரலால் அழுத்துங்கள். லேசாகக் குழிந்து, விரலை எடுத்ததும் மேலே வர வேண்டும். செருப்பு அடி மாதிரி கல்லாக இருப்பது அதிர்வை அப்படியே கடத்தும். மெத்தையில் வரும் சாதா ஸ்பாஞ்ச் அடியில் போட லாயக்கில்லை. எடை ஏறினால் தட்டையாகிவிடும், சில வருடத்தில் நம்ம வெக்கையிலும் ஈரத்திலும் பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த தூள் ஃபேடருக்குள் போனால் சுத்தம் செய்வது பெரிய வேலை. டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை இபிஇ ஃபோம் பரவாயில்லை, காசே இல்லாதபோது அதை வைத்துச் சமாளிக்கலாம்.

பழைய மாதக் காலண்டர் தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கன்ட்ரோலரை வைத்து பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு மி.மீ. உள்ளே தள்ளி வெட்டினால்தான் இறுக்கமாக உட்காரும். புது கட்டர் பிளேடு, ஸ்டீல் ஸ்கேல் இரண்டும் அவசியம். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் ஓரம் சாய்ந்துவிடும், மெதுவாக நாலைந்து தடவை இழுங்கள். இரண்டு பக்கமும் விரல் நுழைய அரைவட்டப் பள்ளம் விட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் கன்ட்ரோலரை நாப் பிடித்துத் தூக்க வேண்டி வரும். முன்பக்கம் ஹெட்போன் ஜாக் இருந்தால் அங்கேயும் பள்ளம். அடி ஷீட்டில் ரப்பர் கால்கள் உட்கார நாலு ஓட்டை போட்டால் எடை முழுவதும் அந்த நாலு புள்ளியில் நிற்காமல் அடிப்பாகம் முழுக்கப் பரவும்.

ஒட்டுவதற்கு ஷூ ஒட்டும் பசையே சரி. ஆனால் ஒட்டி முடித்ததும் கன்ட்ரோலரை உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள். பசையின் ஆவி பிளாஸ்டிக்கைப் பாதிக்கும். பெட்டியைத் திறந்தபடி இரண்டு நாள் நிழலில், காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். மூக்கை உள்ளே விட்டால் வாசனை வரக்கூடாது.

மூடியில் எங்கே அழுத்த வேண்டும்?

பெட்டி தலைகீழாகத் திரும்பினாலும் கன்ட்ரோலர் நகரக்கூடாது. அதனால் மூடி எங்கோ ஓரிடத்தில் அழுத்தத்தான் வேண்டும். அந்த இடம் கன்ட்ரோலரின் ஓரப் பலகை. நாப், ஃபேடர், ஜாக் வீல் மேல் எதுவுமே படக்கூடாது. கடையில் வரும் பல பெட்டிகளில் மூடி முழுக்க ஒரே தட்டையான ஸ்பாஞ்ச். அது எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சப்பாத்தி மாவை இளக்கமாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, ஒவ்வொன்றையும் மெல்லிய பாலிதீனில் சுற்றிக்கொள்ளுங்கள். மாவு நேரடியாகக் கன்ட்ரோலரில் படக்கூடாது என்பதற்குத்தான் பாலிதீன். மிக உயரமான நாப் ஒன்றின் தலையில் ஒன்று, கிராஸ்ஃபேடர் (ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஃபேடர்) மேல் ஒன்று, இரண்டு ஜாக் வீல் மேலும் ஒவ்வொன்று. மூடியை மெதுவாக மூடிப் பூட்டி, உடனே திறங்கள். உருண்டை அப்படியே இருந்தால் நல்லது. நசுங்கியிருந்தால் மிஞ்சிய கனத்தை ஸ்கேலில் பாருங்கள், அந்த இடத்தில் அவ்வளவுதான் இடைவெளி. ஐந்து மி.மீ.க்குக் குறைந்தால் மூடி ஸ்பாஞ்சில் அந்த இடத்தை மட்டும் குடைந்து எடுத்துவிடுங்கள். ஓரத்தில் சுற்றிலும் இவிஏ பட்டை ஒட்டினால் பிடிப்பும் கிடைக்கும்.

அப்புறம் பெட்டியைப் பூட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாகக் குலுக்குங்கள். உள்ளே 'டக்' என்று கேட்டால் பக்கவாட்டில் இன்னும் ஒரு பட்டை வேண்டும். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ரிசார்ட் நிகழ்ச்சிக்கு ஏறும்போது அந்த 'டக்' எத்தனை நூறு தடவை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடாப்டர், யுஎஸ்பி ஒயர், ஹெட்போன் இவற்றைக் கன்ட்ரோலர் மேலேயே போட்டு மூடும் பழக்கம் நிறைய பேரிடம் உண்டு. தனி அறை இல்லாத பெட்டி என்றால் ஒயருக்கு ஒரு சின்னப் பை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் மேல் அழுந்திக் கிடக்கும் பிவிசி ஒயர் துடைத்தாலும் போகாத தடத்தை விட்டுவிடும்.

பெட்டியே வாங்க முடியாவிட்டால்

வீட்டுப் பரண் மேல் பழைய கெட்டி சூட்கேஸ் ஒன்று கிடக்கும். உள் அகலம் 52 செ.மீ. இருந்தால் எஃப்எல்எக்ஸ்4-ஐ அதற்குள் உட்கார வைத்துவிடலாம். உள்துணியைக் கிழித்து எறிந்துவிட்டு, மேலே சொன்ன மாதிரி இவிஏ வெட்டி ஒட்டினால் முதல் வருடத்துக்கு நன்றாகவே ஓடும். மேலே ஸ்பீக்கர் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தச்சரிடம் சொல்லிச் செய்வதும் உண்டு. பிளைவுட் வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் உருண்டை மூலை, பட்டர்ஃபிளை பூட்டு, பள்ளம் வைத்த அலுமினியம் ஆகியவற்றைச் சென்னையிலிருந்தோ ஆன்லைனிலோ நீங்களே வரவழைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு சின்னப் பெட்டிக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. நண்பர்கள் மூன்று, நாலு பேர் சேர்ந்து செய்தால் மட்டும் யோசியுங்கள். பலகை கேட்கும்போது ஐஎஸ் 303 முத்திரை (சாதாரணப் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) பாருங்கள். ஐஎஸ் 710 என்பது ஈரத்தை நன்றாகத் தாங்கும் மரைன் வகை, விலை கூடுதல், இந்த வேலைக்கு அவ்வளவு வேண்டாம்.

மொத்தச் செலவுக்கு என் கணக்கு: கன்ட்ரோலர் விலையில் பத்தில் ஒரு பங்கு தொடங்கி ஆறில் ஒரு பங்கு வரை. அதைத் தாண்டினால் அந்தக் காசைக் கன்ட்ரோலரிலேயே போட்டிருக்கலாம்.

வெளியூரிலிருந்து வரவழைக்கும்போது

கூரியர்காரர்கள் பெரும்பாலும் எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 60, 40, 20 செ.மீ. பெட்டி என்றால் காலியாக வந்தாலும் 9.6 கிலோ கணக்கு. விலை கேட்கும்போதே ஜிஎஸ்டி, கூரியர் இரண்டும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ வாங்கினால் பார்சல் சர்வீஸில் போடச் சொல்லி நீங்களே போய் எடுத்துக்கொள்வது பல சமயம் மலிவு. சொல்லும் அளவு உள் அளவா, வெளி அளவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள்.

விமானத்தில் போகும் வாய்ப்பு வந்தால் எடையைப் பாருங்கள். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன். எஃப்எல்எக்ஸ்10-ஐ 9 மி.மீ. பெட்டியில் போட்டால் அதைத் தாண்டிவிடும்.

வெயில், தூசி, ஈரம்

பயோனியர் கையேட்டில் கருவி இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கிறது. வேலூர் மே மாதத்தில் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். கருப்புப் பெட்டியைத் திறந்த வண்டியில் வெயில் பட வைத்தால் உள்ளே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மேலே போர்த்துங்கள். பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஏசி மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்தால் அங்கேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே கொண்டு வாருங்கள். குளிர்ந்த கன்ட்ரோலரை மழைக்காலப் புழுக்கத்தில் அப்படியே வெளியே எடுத்தால் மேலே ஈரம் பூக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே கிடக்கட்டும். ஷூ டப்பாவில் வருவதுதான், இங்கே அதற்குப் பஞ்சமில்லை. திருவிழாவில் மஞ்சள் தண்ணீர், கலர்ப் பொடி, பேப்பர் வெடி பறக்கும் இடங்களில் வாசிக்காத நேரமெல்லாம் மூடி மேலே இருக்க வேண்டும்.

பழைய பெட்டி வாங்கினால்

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் மாடல் மாற்றும்போது பழைய பெட்டியைக் கழிப்பார்கள். வெளியே கீறல் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். மூடியைத் தரையில் தட்டையாக வைத்து நாலு மூலையும் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை தூக்கினால் பலகை முறுக்கிவிட்டது, பூட்டு ஒழுங்காக விழாது. கீல் பக்கத்து ரிவெட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள், ஆடினால் மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே பூஞ்சை வாடை அடித்தால் ஃபோம் முழுவதையும் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கிய அன்றே மூடியிலும் பக்கத்திலும் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் பெயின்ட்டால் பெரிதாக எழுதிவிடுங்கள். ஒரே மேடையில் இரண்டு செட்காரர்கள் இருக்கும் திருவிழாவில், ராத்திரி மூன்று மணிக்கு வண்டியில் ஏற்றும்போது எல்லாக் கருப்புப் பெட்டியும் ஒரே மாதிரிதான் தெரியும்.